‘மாணவர்களுக்கே தேடத் தெரியும்’: கல்லூரிக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் நடந்துவந்த தகவல் திறன் வகுப்பை வரும் பருவத்திலிருந்து நிறுத்துவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அதன் இடத்தில் சேர்க்கை வாரத்தில் ஒரு நாற்பது நிமிடக் காணொளி, முடிவில் சரி-தவறு வினாடி வினா. கூடவே, கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குக் கல்லூரிச் செலவில் சந்தா. காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: இன்றைய மாணவர்களுக்குத் தகவல் தேடத் தெரியும், ஆகவே அந்த நேரத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குத் தரலாம்.

இந்த வரியை எழுதியவர் நூலகத்தின் உதவி மேசையில் ஒரு பிற்பகலாவது உட்கார்ந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். நான் பல ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அலுவலக வழியில் அனுப்பிய குறிப்புகளுக்குப் பதில் வராததால்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்த வகுப்புக்கென எனக்குத் தனி ஊதியம் கிடையாது. நின்றுபோனால் என் வேலைப்பளு குறையும். ஆகவே இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறேன் என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

‘தேடத் தெரியும்’ என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலோடு வந்தார். சில கட்டுரைகள் நம் சந்தாவில் இல்லை போலிருக்கிறது, வெளியிலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பட்டியல் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண், எதிலும் குறையில்லை. ஆசிரியர்கள் அந்தத் துறையில் உண்மையாகவே எழுதுகிறவர்கள். இதழ்களும் உண்மையானவை. ஆனால் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை இருந்தது. பட்டியலில் பாதிக்கு மேல் உலகில் எவரும் எழுதியிராத கட்டுரைகள். செயலி தந்ததை அவர் அப்படியே ஏற்றிருந்தார். “பக்க எண்ணு வரைக்கும் இவ்வளவு கரெக்டா இருக்கே மேடம், அது எப்படிப் பொய்யா இருக்கும்?” என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார்.

அந்தக் குழப்பம் மாணவர்களோடு நின்றுவிடுவதில்லை. 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ‘மாட்டா எதிர் ஏவியான்கா’ வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை முன்னுதாரணங்களாகக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று உண்மையான வழக்குதானா என்று அவர்களில் ஒருவர் சரிபார்த்தும் இருக்கிறார். யாரிடம் என்றால், அதே செயலியிடம். அது ஆமாம் என்றது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தீர்ப்புகளைத் தேடிப் படிப்பதே தொழிலாகக் கொண்டவருக்குத் தேடத் தெரியாமல் இல்லை. சரிபார்ப்பதென்றால் வேறோர் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணித்து எழுதுகின்றன. மேற்கோள் குறிப்பு என்பது அச்சு மாறாத வடிவம். வடிவத்தைப் போலச்செய்வதுதான் இவற்றுக்கு மிக எளிது. எனவே எந்தப் பகுதி மிகத் துல்லியமாகத் தெரிகிறதோ அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை எந்த மாணவரும் தானாக ஊகிக்க மாட்டார், ஏனென்றால் இதுவரை அவர் வாழ்க்கையில் துல்லியம் என்பது அக்கறையின் அடையாளமாக இருந்திருக்கிறது. இப்போது இணையத்தில் தேடி, இணைப்புகளோடு பதில் தரும் செயலிகளும் வந்துவிட்டன என்பீர்கள். வந்திருக்கின்றன. அந்த இணைப்பைச் சொடுக்கி, அங்கே உண்மையில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் மாணவரை நீங்கள் எனக்குக் காட்டுங்கள்.

செயலிக்குத் தடை விதிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நானே பயன்படுத்துகிறேன். ஒரு துறையில் புழங்கும் சொற்கள் என்னென்ன, இதே பொருளை வேறு எந்தப் பெயரில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது நல்ல துணை. அதற்குத் தேவையும் நிறைய இருக்கிறது. ஏனெனில் மாணவர்களின் தேடல் பெரும்பாலும் இடறி விழுவது முதல் படியிலேயே, சொல்லில்.

மாரடைப்பு பற்றி ஆய்விதழ்களில் அதிகம் எதுவும் இல்லை என்று ஒருவர் வந்து சொன்னால் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர் தலைப்பில் மட்டும் தேடும்படி வைத்துக்கொண்டு, ‘ஹார்ட் அட்டாக்’ என்ற அன்றாட ஆங்கிலச் சொல்லைப் போட்டிருப்பார். மருத்துவர்கள் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-இலிருந்து ‘மெஷ்’ என்ற பொருள்தலைப்புப் பட்டியலைப் பராமரித்துவருகிறது. ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் கட்டுரையை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்துவிடும் ஏற்பாடு அது. அப்படியொன்று இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் அதே நூலகத்தின் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடுகிறார்கள் தெரியுமா? தமிழில் தேடும்போது பாடு இன்னும் கூடுதல். நீரிழிவு, சர்க்கரை நோய், டயபடீஸ், டயாபடீஸ் என ஒரே பொருள் நான்கு வழியில் எழுதப்படுகிறது. ‘நீரிழிவுக்கு’, ‘நீரிழிவால்’ என்று வேற்றுமை உருபு ஒட்டிய வடிவங்களையெல்லாம் எல்லாத் தேடுபொறிகளும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பழைய பக்கங்களோ தேடலில் சிக்குவதே இல்லை. ‘இதைப் பற்றி எதுவுமே இல்லை’ என்று மாணவர் எழுதிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி, சரியான சொல்லைக் கேட்காததன் விளைவு. அதைக் காணொளி எப்படித் தெரிந்துகொள்ளும்? அவர் என்ன சொல்லைத் தட்டினார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இனி உங்கள் காணொளிக்கும் வினாடி வினாவுக்கும் வருகிறேன். முன்னோட்டமாகத் துறைகளுக்கு அனுப்பியிருந்தீர்கள். காணொளியைக் கடைசிவரை தள்ளிவிட்டு நேராக வினாக்களுக்குப் போக முடிகிறது என்பது சின்ன விஷயம். என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது ‘சரி’ என்று நீங்கள் குறித்திருக்கும் விடைகள்தான். இணைய முகவரி ‘.ஆர்க்’ என்று முடிந்தால் அது நம்பத்தக்கது: சரி. தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் படித்தால் அதன் நம்பகத்தன்மை தெரியும்: சரி. ஆய்விதழில் வெளியான கட்டுரையை நம்பலாம்: சரி.

‘.ஆர்க்’ முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு எந்தத் தகுதியும் கேட்பதில்லை. மற்ற இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் 25 பேர். இவர்கள் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று திரையைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒரு பயிற்சியில் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்கள் தரப்பட்டன. ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். மற்றொன்று அதன் நிலைப்பாடு ஒன்றை ஏற்காமல் 2002-இல் பிரிந்துபோன ஒரு சிறு குழு, பெயர் மட்டும் ஏறக்குறைய அதேபோல ஒலிக்கும். உண்மை சரிபார்ப்பவர்கள் எல்லாரும் முதலாவதையே நம்பத்தக்கது என்றார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வரலாற்றாளர்களிலும் பலர் தடுமாறினார்கள்.

மாணவர்கள் சோம்பேறித்தனத்தால் ஏமாறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவர்கள் பக்கத்தை அக்கறையோடு படித்தார்கள். இலச்சினை, வடிவமைப்பு, அடிக்குறிப்புகள், முகவரியின் கடைசி எழுத்துகள், ‘எங்களைப் பற்றி’ எல்லாவற்றையும் பார்த்தார்கள். அதாவது உங்கள் காணொளி பார்க்கச் சொல்வதையெல்லாம் பார்த்தார்கள். பார்த்ததால்தான் ஏமாந்தார்கள், ஏனெனில் அவை அத்தனையும் தளத்தின் உரிமையாளர் கையில் இருப்பவை. உண்மை சரிபார்ப்பவர்கள் செய்தது வேறு. அந்தப் பக்கத்தில் சில நொடிகளுக்கு மேல் இருக்கவில்லை. புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பிவந்தார்கள். பக்கத்தைப் படிப்பதற்கு முன் பக்கத்தை விட்டு வெளியேறுவது என்பது பள்ளியில் நாம் சொல்லிக்கொடுத்த அத்தனைக்கும் எதிரானது. முழுமையாகப் படி, கவனமாகப் படி என்றுதானே பழக்கியிருக்கிறோம்? அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கு ஒருவர் கூடவே இருந்து, ‘இப்போ நிறுத்து, வெளியே போய்ப் பார்’ என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் நடப்பதெல்லாம் ஏறக்குறைய இதுதான்.

வயதால் வந்துவிடும் திறனுமில்லை இது. ஸ்டான்ஃபோர்டின் அதே ஆய்வுக் குழு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் காலநிலை மாற்றம் பற்றிய ஒரு தளம் தரப்பட்டது. அதற்கும் புதைபடிவ எரிபொருள் தொழிலுக்கும் உள்ள உறவு அதன் நம்பகத்தன்மையைக் குறைக்கக்கூடும் என்பதை 96 விழுக்காட்டினர் கருதிப் பார்க்கவே இல்லை. கைபேசியோடே வளர்ந்த தலைமுறை அது.

ஆய்விதழில் வந்தால் நம்பலாம் என்ற உங்கள் விடைக்கு 2013-இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் செய்த சோதனையே போதும். பள்ளி அளவு வேதியியல் தெரிந்தவரே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே நுழைத்து, இல்லாத ஆய்வாளர்களின் பெயரில், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 ‘திறந்த அணுக்க’ இதழ்களுக்கு அவர் போலிக் கட்டுரையை அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்களின் மின்னஞ்சல்கள் நம் ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் வருகின்றன. மாணவருக்கு மட்டும் ‘இதழ் என்றால் நம்பு’ என்று சொல்லித்தருவது என்ன நியாயம்?

நல்ல இதழில் வந்ததும் பிறகு செல்லாததாகிவிடலாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையை ‘தி லான்செட்’ 1998-இல் வெளியிட்டு, 2010-இல் முழுமையாகத் திரும்பப் பெற்றது. ஆனால் ஒருவர் கைபேசியில் இறக்கி வைத்திருக்கும் பிடிஎஃப்-க்கு அது தெரியாது. குழு அரட்டையில் சுற்றுக்கு விடப்படும் கோப்புகளிலிருந்து மாணவர்கள் மேற்கோள் எடுக்கிறார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகளை நான் மேசையில் பார்க்கிறேன், வழிகாட்டிகளின் கையொப்பத்தோடு. திரும்பப் பெறப்பட்டவற்றின் தரவுத்தளத்தை, அவற்றைக் கண்காணிக்கும் ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தளம் உருவாக்கியது. 2023-இல் அதை, ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவு செய்யும் ‘கிராஸ்ரெஃப்’ அமைப்பு வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தலைப்பைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இப்படியொன்று இருக்கிறது என்று யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

“பத்து சைட்ல இருக்கு மேடம்” என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். பத்தும் ஒன்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்பது உடனே தோன்றாது. 2008-இல் ஓர் அமெரிக்க மாணவர் கோட்டி என்னும் விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயருண்டு என்று விளையாட்டாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தித்தாள்கள் அதை எடுத்து அச்சிட்டன. பிறகு அந்தச் செய்தித்தாள் ஒன்றே விக்கிப்பீடியாவில் சான்றாக ஏறியது. வட்டம் முழுமையாகிவிட்டது.

படித்தவர்களுக்கிடையே நடந்த கதை இதைவிடச் சுவையானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பினாச் கீரையில் இரும்புச்சத்து மிகுதி என்ற நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் வந்தது, அளவு பத்து மடங்காகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. ‘எண்களைச் சரிபாருங்கள்’ என்று மாணவர்களுக்குப் புத்தி சொல்ல உலகமெங்கும் பேராசிரியர்கள் அதை எடுத்தாண்டார்கள். 1981-இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரைதான் அதைப் பரவலாக்கியது. அந்தக் கட்டுரையில் இக்கதைக்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. பின்னர் வந்தவர்கள் மூலத்தைத் தேடிப் போனபோது, புள்ளி இடம் மாறியதற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. சரிபார்க்கச் சொல்லும் கதையையே யாரும் சரிபார்த்திருக்கவில்லை. நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-இல் இதை வைத்துக் கல்வி உலகின் கட்டுக்கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்று எழுதினார். மூலத்தைப் படிக்காமல், மூலத்தை மேற்கோள் காட்டியவரைப் படித்துவிட்டு, மூலத்தையே படித்ததுபோல் குறிப்பு எழுதுவதில்தான் தொடங்குகிறது என்பது அவர் கண்டது.

நம் ஆய்வேடுகளில் இது வழக்கமாகிவிட்டது. இதற்கு நம் பதில் ஒரு மென்பொருள், ஒப்புமை விழுக்காடு. விழுக்காடு வரம்புக்குள் இருந்தால் ஆய்வேடு தேறிவிடுகிறது. அந்த மென்பொருள் ஆய்வேட்டின் சொற்கள் ஏற்கெனவே வெளியானவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. சொன்ன கருத்து அந்த மூலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே மாணவர்கள் கற்றுக்கொண்டது சொற்களை மாற்றிப் போட. மாற்றுச்சொல் தருவதற்கென்றே இருக்கும் தளங்களில் பத்தியைக் கொட்டி எடுத்து, கலைச்சொற்களெல்லாம் உருமாறி, எழுதியவருக்கே புரியாத வாக்கியங்களோடு வருகிறார்கள். தகவலைப் பயன்படுத்துவது என்பதை விழுக்காட்டுக்குத் தப்பிப்பது என்று நாமே கற்பித்துவிட்டோம்.

சேர்க்கை வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது ஏன் பலிக்காது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் குல்தாவ் 1980-களிலிருந்து மாணவர்கள் தகவல் தேடும்போது என்ன உணர்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் உற்சாகம் வருகிறது. தேடத் தொடங்கி, ஒன்றுக்கொன்று முரணானவை கிடைக்கக் கிடைக்க நம்பிக்கை சரிகிறது, குழப்பமும் சந்தேகமும் ஏறுகின்றன. தனக்குத்தான் தெரியவில்லை என்று மாணவர் நினைக்கிறார். அது எல்லாருக்கும் வரும் கட்டம், அதைத் தாண்டித்தான் ஆய்வு ஒரு வடிவத்துக்கு வரும். அந்தச் சரிவில்தான் மாணவர் நூலகத்துக்கு வருகிறார், அல்லது வராமல் செயலியிடம் போகிறார். செயலி குழப்பத்தைத் தீர்ப்பதில்லை, மறைத்துவிடுகிறது. முரணான இரண்டு கட்டுரைகளையும் குழைத்து ஒரே சீரான பத்தியாகத் தருகிறது. மாணவருக்கு நிம்மதி. அவர் கற்றிருக்க வேண்டியது அந்த முரணில்தான் இருந்தது.

நேரம் மிச்சமாகும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனும் வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்னவர்தான், அது அவருடைய நான்காம் விதி. சேமிக்கச் சொன்னது வாசகரின் நேரத்தை, நிர்வாகத்தின் கால அட்டவணையை அல்ல. முதலாண்டில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் இறுதியாண்டில் மாணவரும் வழிகாட்டியும் நானும் பல மடங்காகச் செலவழித்துக்கொண்டிருப்போம்.

வேலைவாய்ப்புப் பயிற்சிக்காக இதை எடுப்பதாகச் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த வகுப்பு கற்றுத்தரும் திறனுக்குத் தகவல் எழுத்தறிவு என்று பெயர். அந்தக் கருத்தை அந்தப் பெயரில் 1974-இல் முன்வைத்த பால் ஜுர்கோவ்ஸ்கி நூலகர்கூட அல்ல. அமெரிக்கத் தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவர். தங்கள் வேலையில் தகவல் வளங்களைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர்களைத்தான் அவர் அந்தப் பெயரால் குறித்தார். தொடக்கத்திலேயே இது வேலைக்கான திறன். வேலை தேடும் மாணவர்களுக்கு இன்றைக்கு முதல் தேவையும் இதுதான். போலி வேலைக் கடிதங்களோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். முன்பணம் கேட்கும் நிறுவனத்தின் இணைய முகவரி எப்போது பதிவானது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தால், ‘முப்பதாண்டுப் பாரம்பரியம்’ கொண்ட நிறுவனத்தின் தளம் சென்ற மாதம் பிறந்தது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாணவர் தனக்காக மட்டும் தேடுவதுமில்லை. வீட்டில் யாருக்காவது ஒரு நோய் என்றால், கடன் செயலி ஒன்று வலைவீசினால், அதைப் பார்த்துச் சொல் என்று அவர் கையில்தான் கைபேசி வருகிறது.

2005-இல் யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் கூட்டிய மாநாட்டின் அலெக்சாந்திரியா பிரகடனம், தகவல் எழுத்தறிவை எண்ணிம (டிஜிட்டல்) உலகில் அடிப்படை மனித உரிமை என்றது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 24 முதல் 31 வரை ஊடக, தகவல் எழுத்தறிவு வாரம். நம் கல்லூரி வாயிலிலும் அதற்குப் பதாகை கட்டுகிறோம், புகைப்படம் எடுத்து ஆண்டறிக்கையில் சேர்க்கிறோம். வகுப்பை நிறுத்திவிட்டுப் பதாகையை மட்டும் கட்டுவதாக உத்தேசமா என்பதையும் தெரிவித்துவிடுங்கள்.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை நிறுத்திவையுங்கள். வகுப்பு பழையபடியே தொடர வேண்டும் என்றுகூட நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தனி வகுப்பாக நடத்துவதைவிட, ஏதாவது ஒரு பாடத்தின் ஒப்படைப்போடு இணைத்து, அந்தப் பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து கணினி அறையில் சிறு குழுக்களாக நடத்தினால் இன்னும் நன்றாக இருக்கும். மாணவர் தன் சொந்தக் கேள்வியோடு உட்கார வேண்டும், யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.

வினாடி வினாவை உடனே திரும்பப் பெறுங்கள். தவறான விடைகளுக்கு மதிப்பெண் தருவதைவிடத் தேர்வே வைக்காமலிருப்பது மேல். மதிப்பீடு வேண்டுமென்றால் தேடல் குறிப்பேடு வையுங்கள்: என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடினேன், எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன், செயலியிடம் என்ன கேட்டேன், அது சொன்னதை எங்கே போய்ச் சரிபார்த்தேன் என்று மாணவர் தன் கைப்பட எழுதும் சில பக்கங்கள். ஒப்படைப்பு மதிப்பெண்ணில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும். செயலிக்கான சந்தாவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் உள்நுழைவை இந்தப் பயிற்சியை முடித்தவர்களுக்கு மட்டும் தாருங்கள்.

இறுதியாண்டு ஆய்வேடுகளில் ஒப்புமை விழுக்காட்டுச் சான்றிதழோடு இன்னொரு தாளும் இணைக்கப்பட வேண்டும். துணைநூற்பட்டியலிலிருந்து வழிகாட்டி தாமே தேர்ந்தெடுத்த ஐந்து மேற்கோள்களின் மூலத்தைத் திறந்து பார்த்ததாகவும், அவை உண்மையில் இருப்பதாகவும், சொன்ன கருத்து அங்கே இருப்பதாகவும், அவை திரும்பப் பெறப்படவில்லை என்றும் அவர் கையொப்பமிட்ட தாள். ஆசிரியர்களுக்குக் கூடுதல் சுமை என்று இதற்கு எதிர்ப்பு வரும். வரட்டும், அதையும் கூட்டத்தில் பேசுவோம்.

மாணவர்களுக்குத் தேடத் தெரியும் என்ற முடிவுக்கு எந்தத் தரவை வைத்து வந்தீர்கள் என்பதை வெளியிடுங்கள். தரவு இல்லையென்றால் சேகரிப்போம். முதலாண்டு மாணவர்களிடம் அறிமுகமில்லாத இரண்டு தளங்களைத் தந்து எதை நம்பலாம் என்று கேட்கும் சோதனையை நூலகமே நடத்தித் தரும். உறுப்பினர்களும் விரும்பினால் உட்கார்ந்து பார்க்கலாம். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மாணவப் பிரதிநிதிகளையும் நூலகரையும் அழையுங்கள்.

பதிலை எழுத்தில் தாருங்கள். அடுத்த பருவத்தின் கால அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன் அது கைக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர்